கரண்டி நிற்கும் சூப்

ரோம் நகரின் கொலோன்னா மாளிகையில் உள்ள ஓவியக்கூடத்தில் ஒரு மனிதர் நானூறு வருடங்களுக்கும் மேலாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். தலையில் வைக்கோல் தொப்பி, ஒரு கையில் ரொட்டி, மறு கையில் வாய்க்குப் போகும் வழியிலேயே நின்றுவிட்ட மரக்கரண்டி. கரண்டியிலிருந்து குழம்பு சொட்டுகிறது. மேசையில் வெங்காயத்தாள், ஒரு குவளை ஒயின். முன்னால் ஒரு கிண்ணம் நிறையப் பயறு. அன்னிபலே கர்ராச்சி 1580-களில் வரைந்த இந்த ஓவியத்துக்குப் ‘பயறு தின்பவன்’ என்று பெயர். அரசர்களையும் புனிதர்களையும் வரைந்து பிழைத்த காலத்தில் ஓர் ஓவியர் கூலிக்காரரின் மதியச் சாப்பாட்டை வரைந்ததே பெரிய விஷயம்தான். தாவர வரலாறு படித்தவர்கள் வேறொன்றைக் கவனித்தார்கள். கிண்ணத்தில் இருப்பது நாம் தட்டைப்பயறு என்றும் காராமணி என்றும் சொல்லும் பயறாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர்களில் பலரின் கணிப்பு.

ஆப்பிரிக்காவில் பிறந்து, மத்தியதரைக் கடலோரத்துக்கும் இந்தியாவுக்கும் மிகப் பழங்காலத்திலேயே போய்ச் சேர்ந்த பயறு அது. இன்று இத்தாலியர்கள் ‘பாஸ்தா எ ஃபஜோலி’ என்று பெயர் சொல்லிச் சமைக்கும் கெட்டிச் சூப்பில் அது இல்லை. அதன் இடத்தை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த ஒரு பயறு பிடித்துக்கொண்டது. 1532 வாக்கில் போப் ஏழாம் கிளெமென்ட் கொஞ்சம் விதைகளைப் பியரோ வலேரியானோ என்ற அறிஞரிடம் கொடுத்ததாகவும், அவர் அவற்றை ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள தன் சொந்த ஊரான பெல்லூனோவுக்குக் கொண்டுபோய் விதைத்ததாகவும் அந்த வட்டாரத்தில் சொல்வார்கள். வலேரியானோ அந்தச் செடியை வளர்ப்பதைப் பற்றி லத்தீனில் கவிதையே எழுதிவைத்தார். பெல்லூனோ பள்ளத்தாக்கில் விளையும் லாமோன் பயறுக்கு இன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு இருக்கிறது. வட இத்தாலியில் இந்தச் சூப்பை மதித்துச் சமைப்பவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

லாமோன், போர்லோட்டி என்ற பொதுவகையைச் சேர்ந்தது. வெளிர் நிறத்தில் கருஞ்சிவப்புத் தீற்றல்கள், சொட்டு மை தெறித்ததுபோல. தோஸ்கானாக்காரர்கள் வெள்ளை நிறக் கன்னெல்லினியை விரும்புவார்கள். பெயர்கள் இத்தாலியமாக ஒலித்தாலும் இரண்டும் நமக்கு அந்நியமல்ல. ஃபேசியோலஸ் வல்காரிஸ் என்ற ஒரே தாவர இனம்தான் போர்லோட்டி, கன்னெல்லினி, மளிகைக் கடை ராஜ்மா எல்லாமே. ஏன், பொரியலுக்கு வாங்கும் பச்சை பீன்ஸும் அதே செடியின் பிஞ்சுதான். மத்திய அமெரிக்காவிலும் ஆண்டிஸ் மலைப்பகுதியிலும் தனித்தனியாக, ஏறக்குறைய 8,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் இதைப் பழக்கி வளர்க்கத் தொடங்கினார்கள். பெரிய விதை கொண்ட போர்லோட்டி ஆண்டிஸ் கிளையின் வாரிசு. ஆகவே இத்தாலியக் கடை தேடி அலைய வேண்டாம். புள்ளி போட்ட சித்ரா ராஜ்மா இந்தச் சூப்புக்கு நன்றாகவே பொருந்தும். போர்லோட்டியைக் கடையில் பார்த்து அழகில் மயங்குகிறவர்களுக்கு ஒரு சேதி: வெந்ததும் புள்ளிகள் மறைந்துவிடும். அந்த நிறம் ஆந்தோசயனின் என்ற சாயம். தண்ணீரில் கரையும், சூட்டில் சிதையும். மிஞ்சுவது பழுப்பு.

சூப்பில் சேர்வதைச் சொல்லிவிடுகிறேன். நாலு பேருக்குக் காய்ந்த பயறு 250 கிராம், சிறிய பாஸ்தா 120 முதல் 150 கிராம், ஒரு வெங்காயம், ஒரு கேரட், ஒரு செலரித் தண்டு, இரண்டு பல் பூண்டு, ஒரு கொத்து ரோஸ்மேரி, இரண்டு மூன்று தக்காளி, ஆலிவ் எண்ணெய், கிடைத்தால் பர்மிஜானோ பாலாடைக்கட்டியின் காய்ந்த ஓரம் ஒரு துண்டு. வெனிஸ் பக்கம் பன்றித்தோலும் போடுவார்கள். அவ்வளவுதான். கிரீம் கிடையாது, வெண்ணெய் கிடையாது, கரைத்து ஊற்றும் மாவும் கிடையாது. ஆனாலும் சரியாக அமைந்த பாஸ்தா எ ஃபஜோலியில் கரண்டியைச் செருகினால் நிற்க வேண்டும் என்பார்கள். அந்தக் கெட்டி எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்தச் சூப்பின் சுவாரசியமே. சாமான் பட்டியலைப் பார்த்தால் பதில் கிடைக்காது. எதை முதலில் போடுகிறோம், எதைக் கடைசி வரை தள்ளிவைக்கிறோம் என்ற வரிசையில் இருக்கிறது. உப்பு முதலில், புளிப்பு பிறகு, பாஸ்தா கடைசியில். இந்த மூன்றும் இடம் மாறினால் அதே சாமானில் வேறு ஏதோ ஒன்றுதான் கிடைக்கும்.

முந்தின நாள் இரவிலிருந்து ஆரம்பிப்போம். காய்ந்த பயறு உயிருள்ள விதை. அடுத்த மழை வரை தாக்குப்பிடிப்பதற்காகத் தன் ஈரத்தையெல்லாம் இழந்து உறங்குகிறது. ஊறவைத்தால் தோல் முழுவதும் ஒரே சமயத்தில் நீரை உறிஞ்சுவதில்லை. நெற்றில் ஒட்டியிருந்த இடத்தில் ஒரு வடு இருக்குமல்லவா, அதை ஒட்டியுள்ள நுண்ணிய துளை வழியாகத்தான் நீர் முதலில் நுழைகிறது. அதனால்தான் ஊறத் தொடங்கும்போது தோல் ஒரு பக்கம் மட்டும் சுருங்கிச் சுருங்கித் தெரியும். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் பயறு தன் எடைக்கு ஏறக்குறையச் சமமான நீரைக் குடித்துவிடும்.

அந்தத் தண்ணீரில் உப்புப் போட வேண்டும். ஒரு லிட்டருக்கு 15 கிராம். “உப்புப் போட்டால் பயறு வேகாது” என்று சமையல்காரர்கள் கண்டம் விட்டுக் கண்டம் சொல்லிவருகிறார்கள். இத்தாலியிலும் சொல்கிறார்கள், இங்கேயும் சொல்கிறார்கள். பாட்டி வைத்தியத்தைப் போலப் பாட்டி சமையலிலும் பெரும்பாலான விதிகளுக்கு அறிவியல் தலையசைக்கிறது. இந்த விதிக்கு மட்டும் இல்லை. உண்மை நேர்மாறானது.

காரணத்தைப் புரிந்துகொள்ளப் பயறு ‘வேகிறது’ என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். விதைக்குள் லட்சக்கணக்கான செல்கள் அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றிலும் மாவுச்சத்து மணிகளும் அவற்றைச் சுற்றிப் புரதமும். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே பெக்டின் என்ற பசை, செங்கற்களுக்கு இடையே பூசிய சுண்ணாம்புச் சாந்துபோல. பயறு மென்மையாவது என்பது அந்தச் சாந்து கரைந்து செங்கல்கள் ஒன்றையொன்று விட்டு விலகுவதுதான். பெக்டின் நீண்ட சங்கிலிகளால் ஆனது. இரண்டு சங்கிலிகளுக்கு நடுவே ஒரு கால்சியம் அயனியோ மக்னீசியம் அயனியோ உட்கார்ந்தால், இரண்டையும் இரண்டு கையால் பிடித்து இறுக்கிவிடும். சோடியத்துக்கு ஒரே கை. உப்பு நீரில் ஊறும்போது சோடியம் தோலுக்குள் புகுந்து கால்சியத்தை இடம்பெயர்க்கிறது. பிடி தளர்கிறது. தோல் மிருதுவாகிறது, வேகும்போது வெடித்து உரிவதும் குறைகிறது. மென்மை மட்டும் லாபமில்லை. உள்ளே வரை உப்புச் சாரமும் ஏறிவிடும். கடைசியில் மேலே தூவும் உப்பால் அது முடியாது.

அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் கடின நீரின் தொல்லை விளங்கும். ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்திருக்கும் ஊர்களில் “இந்தத் தண்ணியில பருப்பு வேகாது” என்று சொல்வது வெறும் அலுப்பல்ல, வேதியியல். ஊறவைக்கவும் வேகவைக்கவும் கடினத்தன்மை நீக்கிய குடிநீரை எடுத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

மீதிப் பாதிக்குக் காரணம் பயறின் வயது. வாங்கி அலமாரியில் மறந்துபோன ராஜ்மா எத்தனை மணி நேரம் கொதித்தாலும் கடக் கடக்கென்று இருக்கும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடத்தில் பல மாதம் கிடந்த பயறுக்கு இது நேர்கிறது. நம் சமையலறை அலமாரி இதற்கென்றே கட்டியதுபோல. விதை தன் பாஸ்பரசை ஃபைட்டேட் என்ற சேர்மமாகச் சேமித்துவைக்கிறது. அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கட்டிப்போட்டு வைத்திருக்கும். சூட்டிலும் ஈரத்திலும் ஒரு நொதி கண்விழித்து ஃபைட்டேட்டை உடைக்க, விடுபட்ட அயனிகள் நேரே செல்களுக்கு இடையே உள்ள பெக்டினுக்குப் போய்ச் சேர்கின்றன. வெளித்தண்ணீர் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயன் இல்லாமல், விதை தனக்குள்ளேயே கடின நீரைத் தயாரித்துக்கொண்டுவிட்டது. இதற்குக் கைகண்ட வழி ஒரு சிட்டிகை சமையல் சோடா. காரத்தன்மையில் பெக்டின் சங்கிலிகள் வெகு வேகமாக அறும். சிட்டிகை கூடினால் சோப்பு நாற்றம் அடிக்கும், தயமின் என்ற பி வைட்டமினும் அழியும். புதிதாக அறுவடையான பயறு கிடைத்தால் சோடாவைத் தொடவே வேண்டாம்.

காலையில் ஊறிய நீரைக் கொட்டிவிடலாம். அதில் கொஞ்சம் நிறமும், வயிற்றில் வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதியும் கரைந்து வந்திருக்கும். ரஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற அந்தச் சர்க்கரைகளை உடைக்கும் நொதி மனிதக் குடலில் சுரப்பதில்லை. சிறுகுடலைச் செரிக்காமல் கடந்து பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே காத்திருக்கும் பாக்டீரியாக்கள் விருந்து வைத்து ஹைட்ரஜனும் கரியமில வாயுவுமாக வெளியேற்றுகின்றன. பயறை ஒழுங்காகச் சாப்பிட்டுவருகிறவர்களுக்குச் சில வாரங்களில் தொந்தரவு குறைந்துவிடுகிறது. எப்போதோ ஒருநாள் சாப்பிடுகிறவர்கள்தான் பயறைத் திட்டுகிறார்கள்.

இனி அடுப்பு. முதல் பத்து நிமிடம் தீ முழுதாக எரிய வேண்டும், தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். இதில் சமரசம் கூடாது. ராஜ்மா குடும்பத்தின் விதைகளில் ஃபைட்டோஹீமாக்ளுட்டினின் என்ற புரதம் இருக்கிறது. பூச்சிகளையும் விலங்குகளையும் விரட்டச் செடி வைத்திருக்கும் ஆயுதம் அது. மனிதக் குடல்சுவரிலும் ஒட்டிக்கொள்ளும். பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ நாலைந்து விதை உள்ளே போனாலே போதும், ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் குமட்டல், வாந்தி, பேதி என்று படுத்துவிடும். சிவப்பு ராஜ்மாவின் பச்சை விதையில் இந்த நச்சு 20,000 முதல் 70,000 அலகு வரை இருக்கும் என்றும், முழுதாக வெந்தபின் 200 முதல் 400 அலகாக இறங்கிவிடும் என்றும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்கிறது. வெள்ளை ராஜ்மாவில் இது சிவப்பில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான். 100 டிகிரியில் பத்து நிமிடம் கொதித்தால் நச்சு செயலிழக்கும். சந்தேகமே வேண்டாம் என்று நினைப்பவர்கள் அரை மணி நேரம் கொதிக்கவிடலாம், அந்த நிர்வாகத்தின் பரிந்துரையும் அதுதான். விபத்துகள் நேர்வது மெதுவாகச் சூடேறும் மின்சாரப் பானைகளில். 75, 80 டிகிரியிலேயே பல மணி நேரம் கிடந்தால் பயறு மென்மையாகிவிடும், வெந்ததுபோலத் தோன்றும், நச்சு மட்டும் சாகாது. பச்சை விதையைவிட ஐந்து மடங்கு வரை கூடிவிடுவதும் உண்டு. மென்மை என்பது வெந்ததற்கு அத்தாட்சி அல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் சமையலறையில் கிடையாது. பிரஷர் குக்கர் உள்ள வீட்டுக்கு இந்தக் கவலை இல்லை. உள்ளே வெப்பம் 120 டிகிரியை நெருங்கும்.

பத்து நிமிடம் ஆனபின் தீயைத் தணித்து, மெல்லக் குமிழியிட வேகவிடலாம். திறந்த பாத்திரத்தில் ஒன்றேகால் மணி நேரம் ஆகலாம், பயறின் வயதைப் பொறுத்து இரண்டும் ஆகலாம். இத்தாலியச் சமையல்காரர்கள் ரோஸ்மேரியோ சேஜ் இலையோ ஒரு பல் பூண்டோ இந்தத் தண்ணீரிலேயே போட்டுவிடுவார்கள். தோஸ்கானாவில் பயறைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு அணைந்துகொண்டிருக்கும் கனலில் இரவெல்லாம் வைக்கும் பழக்கம் இருந்தது. அழகான பழக்கம்தான், ஆனால் மேலே சொன்ன நச்சுக் கணக்கைப் படித்தபின் சிவப்பு ராஜ்மாவை வைத்து யாரும் முயல வேண்டாம்.

இந்தக் கட்டத்தில் தக்காளியை எடுக்கக் கை பரபரக்கும். பொறுக்க வேண்டும். தக்காளியின் புளிப்பு பெக்டினுக்கு உற்ற தோழன். அமிலத்தில் அந்தச் சங்கிலிகள் அறுவதே இல்லை என்று சொல்லும் அளவுக்கு மெதுவாகத்தான் அறும். பாதி வெந்த பயறின் மேல் தக்காளியைக் கொட்டினால் வேக்காடு அப்படியே நின்றுபோகும். அதன் பிறகு ஒரு மணி நேரம் கொதித்தாலும் பல்லில் நறுக்கென்று படும். பயறு இரண்டு விரலுக்கு நடுவே எதிர்ப்பில்லாமல் நசுங்கிய பிறகுதான் தக்காளியின் முறை வருகிறது. அந்த நேரத்தில் அதே குணம் நமக்கு வேலை செய்யும். முழுதாக விட்டுவைக்க நினைக்கும் பயறு அதன்பின் குழைந்து கரையாமல் உருவம் காக்கும்.

பயறு வேகும் நேரத்தில் இன்னொரு அடுப்பில் சோஃப்ரித்தோ. வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் பொடியாக நறுக்கி, ஆலிவ் எண்ணெயில் சிறுதீயில் கால் மணி நேரத்துக்கு மேல் வதக்குவது. சிவக்க விடக்கூடாது. வெங்காயத்தின் காரமான கந்தகச் சேர்மங்கள் சூட்டில் உருமாறி, இறைச்சிச் சாறு போன்ற ஒரு மணத்துக்கு வழிவிடும். செலரிக்கென்று தனியாக ஃப்தாலைடு என்ற மணப்பொருள்கள் இருக்கின்றன. செலரியைத் தனியாகச் சுவைத்தால் எனக்குப் பிடிக்காது. சூப்பில் இல்லாமல் போனால் உடனே தெரிந்துவிடும். கடையில் செலரி கிடைக்கவில்லை என்று கொத்தமல்லித் தண்டைப் போடுகிறவர்கள் போடலாம், ஆனால் அது வேறு சூப். வதங்கியபின் தக்காளியைச் சேர்த்துச் சுண்டவிட்டு, வெந்த பயறோடு கலக்க வேண்டும்.

பாலாடைக்கட்டியின் ஓரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பர்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற பெயரில் விற்கக் குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும் என்பது சட்டம். அந்த முதிர்ச்சியில் பால் புரதம் உடைந்து குளுட்டமேட் என்ற அமினோ அமிலச் சேர்மம் நிறையச் சேர்ந்துவிடும். 1908-ல் ஜப்பானில் கிகுனாயே இகேதா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்து, ‘உமாமி’ என்று பெயர் சூட்டிய அதே சுவை. இத்தாலிய ஏழைகளுக்கு இகேதாவைத் தெரியாது, ஆனால் பாலாடைக்கட்டியைத் துருவித் தீர்ந்தபின் மிஞ்சும் கட்டை போன்ற ஓரத்தை எறியாமல் சூப்பில் போடத் தெரிந்திருந்தது. அது மெழுகு அல்ல, காய்ந்து இறுகிய பாலாடைக்கட்டிதான். சூப்பில் கிடந்து மெத்தென்று ஆனபின் அதை எடுத்துத் தின்பதற்கு வீட்டில் போட்டி நடக்கும்.

இப்போது கெட்டி. வெந்த பயறில் மூன்றில் ஒரு பங்கையோ பாதியையோ எடுத்து மசித்துத் திரும்பச் சேர்க்க வேண்டும். இத்தாலிய வீடுகளில் கைப்பிடி சுற்றும் சல்லடை ஒன்று இருக்கும். தோலைப் பிடித்துக்கொண்டு விழுதை மட்டும் கீழே தள்ளும். நம்மிடம் மத்தோ மிக்சியோ போதும். மசிந்த பயறு சோற்றுக் கஞ்சிபோல வழவழப்பதில்லை, நாக்கில் மாவுமாவாக உருளும், கவனித்திருப்பீர்கள். நாம் மசித்தது மாவுச்சத்தை அல்ல, செல்களை. பெக்டின் கரைந்துபோனதால் செல்கள் உடையாமலே பிரிந்துவிடுகின்றன. ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள பை. உள்ளே வெந்த மாவுச்சத்து அடைபட்டுக் கிடக்கிறது. கோடிக்கணக்கான இந்தப் பைகள் தண்ணீரில் மிதந்து இடத்தை அடைத்துக்கொள்வதால்தான் சூப் கனக்கிறது. செரிமான நொதிகளும் அந்தச் செல்சுவரைத் தாண்டித்தான் மாவுச்சத்தை அடைய வேண்டும். பயறு சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை மெதுவாக ஏறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மிக்சியில் நெடுநேரம் ஓடவிட்டால் பைகள் கிழிந்து உள்ளிருப்பது வெளியே வரும். வழவழப்புக் கூடும், அந்த நன்மை கொஞ்சம் குறையும். மத்தால் கடைவதே எனக்குப் பிடிக்கும்.

வழவழப்பைக் கொடுக்க பாஸ்தா இருக்கிறது. அதைத் தனியாக வேகவைத்து வடித்துச் சேர்ப்பவர்கள் உண்டு. உணவகங்களில் அதற்கு நியாயம் இருக்கிறது, வீட்டில் கிடையாது. பாஸ்தா டியூரம் என்ற கெட்டிக் கோதுமையில் செய்வது. அதன் புரதம் வலுவான வலையாகி, மாவுச்சத்து மணிகளைச் சுற்றிக்கொண்டிருக்கும். கொதிநீரில் விழுந்ததும் இரண்டுக்கும் ஒரு பந்தயம். மாவுச்சத்து நீரை உறிஞ்சிப் பொங்கப் பார்க்கிறது, புரதம் அதற்குள் இறுகி அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. உள்ளே புரதம் வெல்லும், அதனால் பாஸ்தா கடிக்கப் பதமாக நிற்கிறது. மேற்பரப்பில் மாவுச்சத்து வென்று, அமைலோஸ் என்ற நீண்ட மூலக்கூறுகளைத் தண்ணீரில் விட்டுவிடுகிறது. தனிப் பாத்திரத்தில் வேகவைத்தால் அந்தச் செல்வமெல்லாம் சாக்கடைக்குப் போகும். சூப்பிலேயே வேகவைத்தால் மிதக்கும் பயறுப் பைகளுக்கு இடையே அமைலோஸ் பின்னிப் பரவி எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். கரண்டி நிற்பது இந்தக் கூட்டணியால்.

சிறிய வடிவங்களுக்கு எடையை ஒப்பிட மேற்பரப்பு அதிகம், கசிவும் அதிகம். விரல் நுனி அளவுக் குழாய்களான டிட்டலினி, துபெத்தி போன்றவற்றை இதற்குத் தேர்ந்தெடுப்பது கரண்டியில் அடங்கும் என்பதற்காக மட்டுமல்ல. எமிலியா வட்டாரத்தில் முட்டை சேர்த்த பாஸ்தாவை நறுக்கும்போது மிஞ்சிய கோணல் துண்டுகளைப் போடுவார்கள். நேப்பிள்ஸ்காரர்களுக்குக் கலப்புப் பாஸ்தா. பாஸ்தாவைச் சில்லறையாக நிறுத்து விற்ற காலத்தில் கடைக்காரர் பெட்டிகளின் அடியில் பல ரகங்களின் நொறுங்கல் தங்கும். அதை மலிவாக அள்ளிக்கொடுப்பார். உடைந்த ஸ்பகெத்தி, பாதிக் குழாய், சிப்பித் துண்டு எல்லாம் ஒரே பொட்டலத்தில். ஒவ்வொன்றும் வேக வேறு வேறு நேரம் எடுக்கும். மெல்லிய நொறுங்கல் கரைந்து குழம்பாகும், தடித்தது பல்லுக்குக் கிடைக்கும். இன்று இதே கலவையைப் புதிதாகச் செய்து, அழகாகப் பொட்டலம் கட்டி, முழுப் பாஸ்தா விலைக்கு விற்கிறார்கள்! நம் வீட்டில் இருக்கும் பாக்கெட்டுகளின் மிச்சத்தைச் சேர்த்து நொறுக்கிக்கொண்டாலே போதும்.

பாக்கெட்டில் எழுதியிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே அடுப்பை அணைத்துவிட வேண்டும். கெட்டிச் சூப் சூட்டை எளிதில் விடாது. மூடிவைத்த பத்து நிமிடத்தில் மீதி வேக்காடு நடந்துவிடும். இடையிடையே அடியைக் கிளற மறந்தால் பாஸ்தா பிடித்துக் கருகும், அந்த வாடையை எந்த ரோஸ்மேரியாலும் போக்க முடியாது. பரிமாறும்போது மேலே பச்சையாகக் கொஞ்சம் ஆலிவ் எண்ணெய், மிளகு. எண்ணெயைக் கடைசியில் ஊற்றுவதற்குக் காரணம், அதன் மணப்பொருள்கள் எளிதில் ஆவியாகிவிடக்கூடியவை. அடுப்பில் இருக்கும்போதே ஊற்றினால் மணம் சமையலறையில் இருக்கும், கிண்ணத்தில் இருக்காது.

ஏழைகளின் இறைச்சி என்று பயறை இத்தாலியில் சொல்வதுண்டு. இறைச்சி வாங்க வக்கில்லாதவர்களின் ஆறுதல் வார்த்தை என்று தோன்றினாலும் சத்துக்கணக்கு அதை ஆமோதிக்கிறது. கோதுமைப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பயறில் தாராளம். பயறில் குறையும் மெத்தியோனின் கோதுமையில் கிடைக்கிறது. இரண்டும் ஒரே வேளையில் சேர வேண்டும் என்று முன்பு சொல்லிவந்தார்கள். ஒரே நாளில் சேர்ந்தால் போதும் என்பது இப்போதைய தெளிவு. உம்பர்த்தோ எக்கோ 1999-ல் நியூயார்க் டைம்ஸ் இதழுக்கு எழுதிய ஒரு கட்டுரையில், பத்தாம் நூற்றாண்டில் பயறு வகைகளின் சாகுபடி பரவியிருக்காவிட்டால் ஐரோப்பாவின் மக்கள்தொகையே பெருகியிருக்காது என்று வாதிட்டார். நாவலாசிரியருக்குரிய மிகைப்படுத்தல் கொஞ்சம் இருக்கலாம். அவர் சொன்ன காலத்துப் பயறு கொலம்பஸுக்கு முந்தியது. கொண்டைக்கடலை, பட்டாணி, மைசூர்ப் பருப்பு, ஃபாவா மொச்சை.

அமெரிக்காவிலிருந்து பயறோடு மக்காச்சோளமும் வந்ததை இங்கே சொல்லாமல் விட முடியாது. மெக்சிகோ மக்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, பயறோடு சேர்த்துத் தின்றார்கள். வட இத்தாலி சோளத்தை எடுத்துக்கொண்டு சுண்ணாம்பை விட்டுவிட்டது. சோளத்தில் நியாசின் என்ற பி வைட்டமின் இருந்தாலும், சுண்ணாம்பு படாவிட்டால் அது உடலுக்குக் கிடைக்காதபடி பூட்டப்பட்டிருக்கும். சோளக்களியை மட்டுமே தின்று வாழ்ந்த வெனெட்டோ, லொம்பார்தி உழவர்களைத் தோல் வெடித்து, புத்தி பேதலிக்கச் செய்யும் பெலக்ரா நோய் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் வாட்டியது. நியாசின்தான் மருந்து என்று கண்டறிய 1937 ஆயிற்று. உடலில் நியாசினாக மாறக்கூடிய ட்ரிப்டோஃபேன் பயறில் இருக்கிறது. ஒரே கப்பலில் வந்த இரண்டில் ஒன்றை மட்டும் தட்டில் வைத்ததற்குக் கொடுத்த விலை அது.

சூப் மிஞ்சினால் ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். மறுநாள் திறந்து பார்த்தால் சூப் இருக்காது, கத்தியால் வெட்டி எடுக்கலாம் போன்ற ஒரு கட்டி இருக்கும். பாஸ்தா இரவெல்லாம் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்ததும், குளிரில் அமைலோஸ் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று வரிசை கட்டி இறுகிப்போனதும் காரணம். பயறின் மாவுச்சத்தில் அமைலோஸின் பங்கு கோதுமையைவிட அதிகம், ஆகவே இறுக்கமும் அதிகம். இப்படி இறுகியதில் ஒரு பகுதி செரிமானத்துக்குப் பிடிகொடுக்காது, நார்ச்சத்துபோல நடந்துகொள்ளும். சூடாக்கினால் பழைய நிலைக்குத் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அமைலோஸ் கட்டிய பிணைப்பு கொதிநீரின் 100 டிகிரிக்கு முழுதாக அவிழாது. வெந்நீர் ஊற்றிக் கிளறித் தளர்த்தலாம், அல்லது பாஸ்தாவை அன்றன்றைக்குத் தேவையான அளவு மட்டும் போட்டுக்கொண்டு, பயறுக் குழம்பைத் தனியாக எடுத்துவைக்கலாம். நேப்பிள்ஸில் இரண்டும் செய்யாதவர்கள் ஏராளம். அவர்களுக்கு முதல் நாள் சூப்பே இறுகலாகத்தான் வேண்டும். மறுநாள் கட்டியை வாணலியில் போட்டு, அடி லேசாக முறுகும்வரை வைத்திருந்து சாப்பிடுவார்கள்.